கடைசியாகத் தெரிந்த இடம்

2024 ஜனவரி 12ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு மிகச் சிறியது. ஏழரை ஆண்டுகளுக்கு முன், 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குள் வங்கக் கடலின் மேல் காணாமல் போனது ஏ.என்.32 ரக விமானம். அதில் இருந்தவர்கள் 29 பேர். அந்த விமானத்தின் சிதைவுகளாக இருக்கக்கூடியவை சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், கடலடித் தரையில் கிடப்பதாக அறிவிப்பு சொன்னது. அதே இடத்தில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

அவற்றைக் கண்டுபிடித்தது ஒரு தானியங்கி நீர்மூழ்கி. உள்ளே ஆள் இல்லை. மேலே கப்பலோடு கட்டிய கயிறும் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரம் அது.

நான் வசிப்பது விசாகப்பட்டினத்தில். அந்த விமானத்தில் போனவர்களில் 8 பேர் எங்கள் ஊரின் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன்கள். அவர்களில் யாரையும் எனக்குப் பழக்கமில்லை. ஏழரை ஆண்டுகள் அந்த வீடுகளில் எப்படிக் கழிந்தன, ஜனவரியில் செய்தி வந்தபோது அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்றெல்லாம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த இயந்திரம் செய்த வேலையைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு. 36 வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். அது கீழே போய்ச் செய்கிறது, நான் மேலே இருந்து செய்தேன்.

1974-ல் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்து துறைமுக சர்வே வேலையில் சேர்ந்தேன். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். டால்ஃபின் மூக்கு மலையைத் தாண்டித் துறைமுக வாயிலை மூடப் பார்க்கும். தூர் வாரும் கப்பல் அதை அள்ளும். அள்ளுவதற்கு முன் ஒரு சர்வே, அள்ளிய பின் ஒரு சர்வே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் காசு. கடலில் கோடு போட்டுப் பிழைத்தவன் நான் என்று என் மனைவி சொல்வாள். வேலையின் சாரம் அதுதான்.

ஆழம் அளப்பது ஏறக்குறைய ஏர் உழுவது மாதிரி. லாஞ்சு ஒரு நேர்கோட்டில் போகும். எல்லை வந்ததும் திரும்பி, முந்தைய கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு. மறுபடி திரும்பி இன்னொன்று. ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் நடுவே இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில்தான் பாறை இருக்கும் என்பது சராங்குகள் சொல்லும் வேதம். நான் சேர்ந்த காலத்தில் ஈயக் குண்டும் கயிறும் லாஞ்சை விட்டு இன்னும் போகவில்லை. குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கொழுப்பைத் தடவி இறக்குவோம். மேலே இழுத்தால் மணலா, சேறா, சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். எக்கோ சவுண்டரில் ஒரு காகிதச் சுருள் ஓடும். அதன் மேல் ஊசி நகரும்போது கருகிய வாசனை வரும். நாங்கள் நிற்கும் இடத்தை அறிய இரண்டு பேர் செக்ஸ்டன்டைக் கையில் வைத்துக்கொண்டு, கரையில் உள்ள கோபுரத்தையும் புகைக்கூண்டையும் பார்த்து ஒரே நொடியில் கோணம் எடுக்க வேண்டும். ஆழம் எவ்வளவு என்பது எப்போதும் இரண்டாவது கேள்வி. நீ எங்கே இருக்கிறாய் என்பதுதான் முதல் கேள்வி. இடம் தெரியாத ஆழத்துக்கு மதிப்பில்லை. என் மூத்த அதிகாரி அப்படிப்பட்ட காகிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போடுவார்.

துறைமுகத்தில் எங்கள் ஆழம் 15 மீட்டர், 20 மீட்டர். ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்பி வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். ஏ.என்.32 கிடந்த இடத்தில் கப்பலிலிருந்து ஒலியை அனுப்பினால் போய்வர நாலரை நொடி ஆகும். அதுகூடப் பரவாயில்லை, காத்திருக்கலாம். வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல சோனாரின் ஒலிக்கற்றையும் கீழே போகப் போக விரியும். ஒரு டிகிரி அகலத்தில் புறப்படும் கற்றை 3,400 மீட்டர் கீழே போனதும் 60 மீட்டர் அகலமாகிவிடும். அந்த 60 மீட்டரும் வரைபடத்தில் ஒரே புள்ளி. ஏ.என்.32-ன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 29 மீட்டர்தான். முழு விமானமும் ஒரு புள்ளிக்குள் அடங்கி, அதிலும் பாதி இடம் மிச்சமிருக்கும். உடைந்து சிதறிய விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். 2016-ல் கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. சாகர் நிதி, சமுத்ர ரத்னாகர் ஆகிய ஆராய்ச்சிக் கப்பல்களும் போயின. ஆனாலும் கிடைக்கவில்லை. அக்கறை இல்லாததால் அல்ல. மேலே இருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு அது கீழே இருந்தது.

ஆக, கீழே போய்த்தான் உழ வேண்டும். அந்த ஆழத்தில் விரல் நகம் அளவு இடத்தின் மேல் 340 கிலோ எடை அழுத்தும். வெளிச்சம் கிடையாது. ரேடியோ அலை கடல்நீருக்குள் சில மீட்டருக்கு மேல் போகாது. அதனால் செயற்கைக்கோள் இடங்காட்டி அங்கே வேலை செய்யாது. கப்பலில் இருப்பவர்கள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டவும் முடியாது. கேபிள் கட்டி இறக்கும் இயந்திரங்களும் உண்டு. அவற்றை மேலிருந்து ஓட்டலாம். ஆனால் ஐந்தாறு கி.மீ. கேபிளை இழுத்துக்கொண்டு கப்பல் ஒரு முறை திரும்பவே பல மணி நேரம் ஆகிவிடும்.

தானியங்கி நீர்மூழ்கி இந்தக் கட்டை அறுத்துக்கொண்டது. கப்பலை விட்டுக் கிளம்பும் முன் எந்த வழி, எவ்வளவு உயரம், எத்தனை கோடு என்று அதற்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதன் வயிற்றில் பேட்டரி. தன் ஒவ்வொரு அசைவையும் உணர்ந்து கூட்டிக் கழிக்கும் கருவி ஒன்று. தரையை நோக்கி ஒலியை அடித்து, தரை எவ்வளவு வேகத்தில் பின்னால் நகர்கிறது என்று பார்க்கும் கருவி இன்னொன்று. இரண்டையும் சேர்த்து நான் இங்கே இருக்கிறேன் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். கப்பலும் அவ்வப்போது ஒலி வழியே கூப்பிட்டுக் கேட்டு அந்தக் கணக்கைச் சரி பார்க்கும். கண் தெரியாதவர் தன் வீட்டுக்குள் அடி எண்ணி நடப்பது போல.

முதலில் தரைக்கு மேல் சில பத்து மீட்டர் உயரத்தில் சோனாரோடு உழும். எங்காவது தரையின் சாயலுக்குப் பொருந்தாத ஒன்று தெரிந்தால், அடுத்த முறை அந்த இடத்தில் மட்டும் தாழப் பறந்து விளக்குப் போட்டுப் படம் எடுக்கும். வேகம் மணிக்கு ஆறு கி.மீ. அளவுதான், நாம் கொஞ்சம் எட்டி நடக்கிற நடை. பிறகு மேலே வரும். அது எடுத்த முழு விவரத்தையும் அப்போதுதான் இறக்கிப் பார்க்க முடியும். கீழே இருக்கும்போது தான் எதைப் பார்த்தோம் என்பது அதற்கே தெரியாது.

திரும்பி வரும் என்பதும் நிச்சயமில்லை. 2005 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அண்டார்டிகாவின் ஃபிம்பூல் பனித்தட்டுக்கு அடியில் ஆட்டோசப்-2 என்ற இயந்திரத்தை அனுப்பினார்கள். அது திரும்பவில்லை. மேலே பனி, கீழே கடல். போய் எடுக்க வழியில்லாமல் விட்டுவிட்டு வந்தார்கள். கடலின் தரையில் கால் பங்குக்குச் சற்றே அதிகமான பகுதியைத்தான் இன்றுவரை ஓரளவு நுணுக்கமாக அளந்து படம் போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் செயற்கைக்கோளை வைத்துச் செய்த தோராயக் கணக்கு. காணாமல் போவதற்கு அங்கே இடம் நிறைய.

என் வீட்டிலேயே அப்படிப் போனவர் ஒருவர் உண்டு. என் அப்பாவின் தம்பி. தூத்துக்குடியில் தோணிக் கலாசி. மரத்தால் செய்த பாய்மரத் தோணிகள் அப்போது தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த காலம். 1969-ல் வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பிய தோணி ஒன்று கொழும்பும் சேரவில்லை, தூத்துக்குடிக்கும் திரும்பவில்லை. வயர்லெஸ் கிடையாது. வழியில் பார்த்ததாக எந்தத் தண்டலும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடா பாம்பன் பக்கம் ஆழம் குறைவு. தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும்.

சித்திக்கு அப்போது 24 வயது. தோணி மாலத்தீவுக்கு ஒதுங்கியிருக்கும், ஆப்பிரிக்காவுக்கே போயிருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒவ்வொன்றும் சித்திக்கு ஆறு மாதம் தாங்கியது. ஏழு வருஷம் செய்தி இல்லாத ஆளை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று அப்பா ஒரு முறை பேச்செடுத்தார். "நான் போயி அவுக செத்துட்டாகன்னு எழுதிக் குடுக்கணுமாக்கும்?" என்று சித்தி கேட்டாள். அப்பா அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ரேஷன் கார்டில் சித்தப்பாவின் பெயர் அப்படியே இருந்தது. கணக்கெடுக்க வரும் ஆளிடம், "கடலுக்குப் போயிருக்காக" என்பாள். அது பொய் இல்லை. சித்தப்பாவின் பங்குச் சர்க்கரை பல வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ரொம்பக் கஷ்டம் நவம்பர் 2ஆம் தேதிதான். கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கும். சித்தி அப்பாவோடு வருவாள். தாத்தா கல்லறையிலும் பாட்டி கல்லறையிலும் ஏற்றுவாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் வைத்துக்கொள்வாள். அதை எங்கே ஏற்றுவது என்று தெரியாது. ஏற்றினால் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஏற்றாவிட்டால், இறந்திருந்தால், அவருக்கென்று ஏற்ற யாருமில்லை. மெழுகுவர்த்தியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். 1996-ல் அவள் போன பிறகு அவள் கல்லில் இரண்டு பெயரையும் செதுக்கினோம். சித்தப்பா பெயருக்குக் கீழே பிறந்த வருஷம் மட்டும் இருக்கிறது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஆழ்கடல் இயந்திரங்களுக்குச் செலவாகும் பணத்தைப் பார்த்து, போனவர்கள் திரும்பவா போகிறார்கள் என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். திரும்ப மாட்டார்கள். ஆனால் இங்கே என்று ஒரு இடத்தைக் காட்டினால், கையில் மிஞ்சிய மெழுகுவர்த்திக்கு ஒரு வழி பிறக்கும். அது சின்ன விஷயம் என்று சித்தியைப் பார்த்த எவரும் சொல்ல மாட்டார்கள்.

அறிவுக்கும் அதனால் லாபம் உண்டு. 2009 ஜூன் 1ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். கறுப்புப் பெட்டியின் ஒலிக்கருவி அப்போது ஒரு மாதம்தான் கூப்பிடும். அதற்குள் யாருக்கும் அது கேட்கவில்லை. 2011 ஏப்ரலில், ரீமஸ் என்ற மூன்று தானியங்கி நீர்மூழ்கிகள் இறங்கி, தேடலின் அந்தக் கட்டம் தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானத்தைப் படம் பிடித்தன. பெட்டிகள் மேலே வந்தன. கடலடியிலிருந்து 104 உடல்களும் மேலே வந்தன. வேகம் காட்டும் குழாய்களில் பனி அடைத்ததும், அதன் பிறகு விமானிகள் அறையில் நடந்த குழப்பமும் 2012 அறிக்கையில் விவரமாக வெளியாயின. விமானிகளின் பயிற்சியில் மாற்றங்கள் வந்தன.

ஒரு வாரத்தில் எப்படிக் கிடைத்தது? இயந்திரம் கெட்டிக்காரத்தனமானது என்பது பாதிப் பதில். அந்த விமானம் தன் இடத்தைத் தானாகவே அவ்வப்போது கரைக்குச் சொல்லிக்கொண்டே வந்தது என்பது மீதிப் பதில். சிதைவுகள் கிடந்தது அது கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து சுமார் 12 கி.மீ. தூரத்தில். ஏ.என்.32 விஷயத்திலும், கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சுற்றித்தான் சென்னை இயந்திரத்தை இறக்கினார்கள்.

மலேசிய விமானம் எம்.எச்.370-ஐ நினைத்துப் பாருங்கள். 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு போனது, பாதையை விட்டு விலகி, ராடாரையும் விட்டு விலகி, பல மணி நேரம் பறந்திருக்கிறது. ஒரு செயற்கைக்கோளோடு மணிக்கொரு முறை பரிமாறிக்கொண்ட சிறு சமிக்ஞைகளை வைத்து, இந்தியப் பெருங்கடலில் ஒரு நீண்ட வளைவில் எங்கோ ஓர் இடம் என்றுதான் கணிக்க முடிந்தது. 2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கி.மீ. கடலடியைத் தேடினார்கள். 2018-ல் ஒரு தனியார் நிறுவனம் பல தானியங்கி நீர்மூழ்கிகளை ஒரே சமயத்தில் இறக்கி 1,12,000 சதுர கி.மீ.க்கு மேல் தேடியது. இரண்டிலும் விமானம் அகப்படவில்லை. அகப்பட்டவை வேறு. முதல் தேடலில், 2015-ல், 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டின் சிதைவுகள் கிடைத்தன. நிலக்கரி ஏற்றிப் போனவை. அவற்றிலும் கலாசிகள் இருந்திருப்பார்கள். ஏதோ ஊரில் யாரோ காத்திருந்திருப்பார்கள்.

பழைய வழக்கத்தில் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். ஓர் இயந்திரம் மணிக்கு 6 கி.மீ. போகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து 400 மீட்டர் அகலம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓயாமல் உழுதால் ஒரு நாளைக்குச் சுமார் 58 சதுர கி.மீ. கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி 12 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் 8 நாள் வேலை. 75 கி.மீ. ஆரத்தில் போட்டால் பத்து மாதம். 1,20,000 சதுர கி.மீ. என்றால் கிட்டத்தட்ட ஆறு வருஷம். இயந்திரம் ஒன்றுதான். ஆனால் அதற்குக் கொடுத்த முதல் புள்ளி தெளிவாக இருந்தால் ஒரு வாரம், மங்கலாக இருந்தால் ஒரு பதவிக்காலம்.

சித்தப்பாவின் தோணிக்கு அந்தப் புள்ளியே கிடையாது. தூத்துக்குடியில் கிளம்பியது என்பதோடு விவரம் முடிகிறது. உலகத்தின் எல்லா இயந்திரங்களையும் கொண்டுவந்தாலும் எங்கே இறக்குவது? மரத்தைக் கடல் புழு தின்றிருக்கும். ஓடுகள் எங்கோ அடுக்குக் கலையாமல் கிடக்கலாம். அவ்வளவுதான்.

நம்மிடம் இப்போது நல்ல இயந்திரம் இருக்கிறது. ஓ.எம்.இ. 6000 என்று பெயர். நார்வே தயாரிப்பு. நீளம் 6.6 மீட்டர். 6,000 மீட்டர் ஆழம் வரை போகும். வாங்கியதன் முதல் நோக்கம் பெயரிலேயே இருக்கிறது, கடல் கனிமங்களைத் தேடுவது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் கனிம உருண்டைகளை ஆராய இந்தியாவுக்குச் சர்வதேச உரிமை இருக்கிறது. உருளைக்கிழங்கு அளவு உருண்டைகள், உள்ளே மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட். பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லி மீட்டர் வளர்பவை. 2022 டிசம்பரில் அங்கே 5,271 மீட்டர் ஆழத்தில் இந்த இயந்திரம் 14 சதுர கி.மீ. பரப்பை உழுதது. 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் கக்கும் ஊற்று ஒன்றைப் படம் பிடித்தது. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனம் ஏற்கெனவே மாயா என்ற சிறிய இயந்திரத்தைச் சொந்தமாகச் செய்து, கரையோர நீரின் உப்பையும் ஆக்ஸிஜனையும் பாசியையும் அளந்திருக்கிறது. இவையெல்லாம் தேவையான வேலைகள். கனிமத்தை அள்ளலாமா கூடாதா என்று முடிவு செய்யவும், அள்ளினால் எந்த உயிர்கள் அழியும் என்று தெரிந்துகொள்ளவும் முதலில் அளந்தாக வேண்டும்.

ஆனால் கனிமத்தைத் தேடப் பிறந்த ஓர் ஆழ்கடல் இயந்திரம் 29 குடும்பங்களுக்கு ஒரு பதிலைக் கொண்டுவந்தது என்பதும் அதே கணக்கில் எழுதப்பட வேண்டும். போகிற வழியில் செய்த உபகாரமாக அல்ல, அதன் வேலையாகவே. கடலில் ஆள் காணாமல் போனால், மேற்பரப்பில் தேடி முடித்த பின் கடலடியில் தேடுவது யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள், எந்தப் பணத்தில் என்று எழுதி வைத்த ஒரு முறை வேண்டும். ராணுவ விமானத்துக்கு ஒரு நியாயம், விசைப்படகுக்கு வேறு நியாயம் என்று அது இருக்கக் கூடாது.

அப்படி ஒரு முறை வந்தாலும், முதல் புள்ளி இல்லாவிட்டால் அதனால் பயன் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி முனையைச் சுற்றிப் போனபோது, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. எந்தப் படகு எங்கே இருந்தது என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. கிளம்பி மூன்று நாளான படகு, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் எந்தத் திசையிலும் போயிருக்கலாம் என்றால், நான் போட வேண்டிய வட்டத்தின் ஆரம் 720 கி.மீ. அதில் பாதி நிலம் என்று கழித்தாலும் ஓர் இயந்திரத்துக்கு 38 வருஷ உழவு. அதே படகு ஒரு மணி நேரத்துக்கு முன் தன் இடத்தைச் சொல்லியிருந்தால் வட்டத்தின் ஆரம் 10 கி.மீ.தான். ஆறு நாளில் உழுதுவிடலாம். அதைவிட முக்கியம், அவ்வளவு சிறிய வட்டம் என்றால் கடலடிக்குப் போகும் நிலைமையே வராமல், ஆட்கள் மிதந்துகொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர் போய்த் தூக்கிவிடலாம்.

அந்த வேலையைச் செய்யும் டிரான்ஸ்பாண்டர் பெட்டிகளை ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 364 கோடி ரூபாய் செலவில் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. படகின் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும் பெட்டி. ஆபத்து என்றால் தகவல் அனுப்பலாம், புயல் எச்சரிக்கை வந்தால் வாங்கலாம். ஒரு லட்சத்துக்கு வெளியேயும் நம் கரைகளில் படகுகள் உண்டு. சின்னப் படகுகள், பழைய படகுகள், கடன் வாங்கி ஓட்டும் படகுகள். அவற்றில் போகிறவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது.

ஆழ்கடல் இயந்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து ஒரு சின்னப் பெட்டியில் வந்து நிற்கிறேன். அளந்து பிழைத்தவனுக்கு இரண்டும் ஒரே கருவியின் இரண்டு பாகங்களாகத்தான் தெரிகின்றன. கீழே போகும் இயந்திரம் எவ்வளவு ஆழம் போனாலும், மேலே யாரோ ஒருவர் கொடுத்த இடத்தைத்தான் தேடும். விசாகப்பட்டினத்து மீன்பிடித் துறைமுகத்துக்கு நான் இன்னமும் காலையில் நடந்து போவதுண்டு. கிளம்பும் படகுகளில் டீசல் பார்ப்பார்கள், ஐஸ் பார்ப்பார்கள், வலை பார்ப்பார்கள். தெரிந்த பையன்கள் யாராவது இருந்தால், பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ் என்று சொல்கிறேன். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, எரிகிறது சார் என்பார்கள்.